எலும்புக்கடை

எங்கள் பாரில் கவுன்டருக்கு மேலே பதினான்கு மாதம் ஒரு நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. எக்ஸ்ரே ஃபிலிம்தான். அதன் பின்னால் ஒரு வெள்ளை விளக்குப் பெட்டி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்ததும் முதலில் அந்த விளக்கைத்தான் போடுவோம். விலா எலும்புகள் இரண்டு பக்கமும் படிப்படியாக இறங்கி வர, நடுவில் இதயம் சற்றே ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் அதற்கு ராணி என்று பேர் வைத்திருந்தார்கள். ராணிக்குக் கீழே நின்று கிளாஸைத் தூக்கிப் பிடித்து ஒரு படமாவது எடுத்துக்கொள்ளாமல் யாரும் போனதில்லை.

எங்கள் பார் என்கிறேன். உண்மையில் அது அக்காவுடையது. அவள் ஆரம்பித்தாள், அவள் பேசினாள், பாதிப் பேர் அவள் பேச்சைக் கேட்கத்தான் வந்தார்கள். நான் உள்ளறையில் இருப்பேன்.

அதற்கு முன் பதினாறு வருஷம் அந்த இடம் எக்ஸ்ரே லேப். நாங்கள் இரண்டு பேரும் நடத்தினோம். அக்கா முன்னால் உட்கார்ந்து சீட்டு எழுதி, டோக்கன் கொடுத்து, பயந்து வருகிறவர்களைச் சிரிக்கவைத்து உள்ளே அனுப்புவாள். நான் படம் எடுப்பேன், கழுவுவேன். கழுவுகிற அறையில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும்தான். கதவுக்கு வெளியேயும் ஒன்று; அது எரிந்தால் யாரும் கதவைத் தொடக் கூடாது. டெவலப்பர் தொட்டிக்கும் ஃபிக்ஸர் தொட்டிக்கும் நடுவே நின்றுகொண்டு நான் நாளில் பாதியைப் பேசாமல் கழித்தேன். படம் காய்கிற நேரத்தில் புத்தகம் படித்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அது போதுமான காரணமாக இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படம் எடுப்பது நாங்கள், பார்ப்பது டாக்டர். சட்டையை மாட்டிக்கொண்டே ஆள் கேட்பார், "எப்படிம்மா இருக்கு?" என்று. "படம் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நல்லா வந்திருக்கு என்றால் தோள்பட்டை நேராக இருக்கிறது, மூச்சைச் சரியாகப் பிடித்திருக்கிறார், கறுப்பும் வெளுப்பும் அளவோடு இருக்கின்றன என்று அர்த்தம். உள்ளே என்ன இருக்கிறது என்பது எங்கள் வேலை இல்லை. ஆரம்பத்தில் கண் அதையும் தேடும். அடக்குவேன். சில வருஷத்தில் கண் தேடுவதையே விட்டுவிட்டது. படத்தில் விரல்ரேகை, கீறல், ஃபிலிமைப் போடுகிற கேசட்டில் ஒட்டிய தூசி விழுந்த வெள்ளைப் புள்ளி, இவற்றைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். மனிதரைப் பார்க்க மாட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் மெஷின் வந்ததும் எங்களிடம் வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு கட்டத்தில் ஃபிலிம் விற்பவரே, "இனிமே இந்த சைஸ் வராது, நீங்களும் வேற ஏதாவது பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷினை வாங்க ஒருவர் கிடைத்தார். அவர் ஆட்களோடு வரவிருந்த நாளுக்கு முந்தின மத்தியானம், பெட்டியில் கடைசியாக இரண்டு ஃபிலிம் மிச்சம் இருந்தது.

"வீணாக்காத. நீ என்னை எடு, நான் உன்னை எடுக்கிறேன்" என்றாள் அக்கா.

"உனக்கு எடுக்கத் தெரியாது."

"பதினாறு வருஷமா வெளிய உக்காந்து உன் குரலைக் கேட்டிருக்கேன். மூச்சை இழுங்க, பிடிச்சுக்கங்க, விடுங்க. இதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு."

அவளை நான் எடுத்தேன். எல்லா அளவையும் நானே வைத்துக்கொடுக்க, என்னை அவள் எடுத்தாள். இரண்டையும் ஒன்றாகக் கழுவிக் கிளிப்பில் தொங்கவிட்டேன். பேர் பதிக்கவில்லை. யாருக்கு அனுப்பப் போகிறோம்?

மறுநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறை நடுவில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும். சுவரில் ஆறு விளக்குப் பெட்டிகள் அப்படியே இருந்தன. அக்கா அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டாள். எலக்ட்ரீஷியன், மாடியில் இருந்த டெய்லரம்மா, எதிர்க்கடை அச்சகக்காரர். ஆளுக்கொரு பாட்டில் பீர். அழுகிற மாதிரி ஏதாவது நடந்துவிடுமோ என்று பயந்து நான் மேல் விளக்கை அணைத்துவிட்டேன். ஆறு பெட்டிகளும் கைகளும் கால்களும் முதுகெலும்புகளுமாக எரிந்தன. எல்லோரும் பாட்டிலைக் கையில் பிடித்தபடி சுவரையே பார்த்தார்கள்.

"இப்படியே விட்டா நான் தினம் வருவேன்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"வீட்ல கேட்டா?"

"எக்ஸ்ரே எடுக்கப் போறேன்னு சொல்லுவேன். பொய் இல்லையே."

அக்கா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்தால் ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

லைசன்ஸ் கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டாள். டோக்கன் இருக்கும். பழைய பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். நம்பரைக் கூப்பிட்டால்தான் உள்ளே. மருந்து கலக்க வைத்திருந்த அளவுக் குவளைகள் மாதிரியே புதிதாக வாங்கி அதில்தான் சரக்கு. கப்பலில் பார் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்து வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டாள். மூன்றாம் நாளே எல்லோரும் அவரைக் கம்பவுண்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். படம் கழுவிய டார்க் ரூமை எனக்கு விட்டுக்கொடுத்தாள். நான்கு நாற்காலி, படிக்க ஒரு சின்ன விளக்கு, வெளியே அதே சிவப்பு லைட். உள்ளே குடிக்கலாம், படிக்கலாம், பேசக் கூடாது. அது ஓடாது என்றாள் அக்கா. ஒரு மாதத்தில் அந்த நான்கு நாற்காலிக்குத்தான் டோக்கன் முதலில் தீர்ந்தது.

என்ன பேர் வைப்பது என்று ஒரு வாரம் யோசித்தோம். பலகையில் எழுதியது வேறு. ஊர் கூப்பிட்டது எலும்புக்கடை. கடைசியில் பலகையை மாற்றிவிட்டோம்.

சுவர் நிறைய ஃபிலிம் வேண்டியிருந்தது. பதினாறு வருஷத்தில் யாரும் வாங்க வராதவை பரண் நிறையக் கிடந்தன. எனக்கு மனம் ஒப்பவில்லை. "அடுத்தவங்க உடம்பு அது, அக்கா" என்றேன்.

"அவங்களே வேணாம்னு விட்டதுடி."

"பேரு இருக்கு அதுல."

"அப்ப பேரை வெட்டிடு."

வெட்டினேன். மூன்று நாள் உட்கார்ந்து முன்னூற்றுச் சொச்சம் ஃபிலிம்களின் மூலையைக் கத்தரித்து, துண்டுகளைப் பழைய ரிஜிஸ்டர்களோடு சேர்த்து எரித்தேன். மரியாதையான காரியம் செய்த நிம்மதி இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

கவுன்டருக்கு மேலே மாட்ட, புதிதாய், கீறல் இல்லாத ஒன்று வேண்டும் என்றாள் அக்கா. எங்கள் இரண்டு படங்களையும் கொண்டுவந்தேன். ஒன்றில் தோள்பட்டை சற்றுத் திரும்பியிருந்தது. அதை வெட்டி விளக்குக்கு மூடி செய்துவிட்டார் கம்பவுண்டர். நேராக இருந்தது மேலே போனது. மாட்டும்போது வலது பக்கம் மேலே, காரையெலும்புக்குக் கீழே, ஒரு வெளுப்பைப் பார்த்தேன். கேசட்டைத் துடைக்கவில்லை போல என்று நினைத்தேன். கடைசி நாள், யார் துடைப்பார்கள்? தூசிப் புள்ளிக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும். இதற்கு விளிம்பு கரைந்திருந்தது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

முதல் வாரமே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"இவ்வளவு நேரா நிக்கிறது நான்தான். நீ எப்பவும் கூன் போட்டுப் புத்தகத்துக்குள்ள கெடப்ப" என்பாள் அக்கா.

"படம் எடுத்தா மட்டும் நிமிர்ந்து நிப்பேன். எடுக்கத் தெரிஞ்சவளுக்கு நிக்கவும் தெரியும்."

"கம்பவுண்டரே, நீங்க சொல்லுங்க, இது யாரு?"

"ரெண்டு பேருக்கும் நெஞ்சழுத்தம் ஒண்ணுதான் மேடம். நான் எதைச் சொல்ல?"

வருகிறவர்களிடம் அக்கா ராணி தான்தான் என்றே சொன்னாள். பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தபோது ராணிக்குக் கீழே எக்ஸ்ரேக்கு நிற்கிற மாதிரியே கைகளை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளி நின்றாள். அந்தப் படம் வந்த பிறகு வாசலில் வரிசை தெருமுனை வரை போனது. பக்கத்து அறையையும் எடுத்துச் சுவரை இடித்தோம். ஒரு வருஷத்துக்குள் வேறு ஊரிலிருந்து ஆட்கள் பேர் கேட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் கண்ணை உயர்த்தி அந்த நெஞ்சைப் பார்த்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஒரு கூட்டம் வந்தது. ஏதோ ஆஸ்பத்திரி, ஒருவருக்குப் பதவி உயர்வு. எல்லோரும் எலும்புகளைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா மட்டும் கவுன்டர் முன்னால் நின்றுவிட்டார். நான் காலிக் குவளைகளை எடுக்க வெளியே வந்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது யாரோடது?"

"என்னுதுதான் மேடம்" என்று அக்கா நிமிர்ந்து நின்றாள். "பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துடலாம்."

"எப்ப எடுத்தது?"

"பதினெட்டு மாசம் இருக்கும். மாட்டிப் பதினாலு மாசம்."

"அதுக்கப்புறம் யாராவது பாத்தாங்களா?"

"தினம் இருநூறு பேர் பாக்குறாங்க."

அந்த அம்மா கையிலிருந்த குவளையைக் கவுன்டரில் வைத்தார். சத்தமே வராமல் வைத்தார்.

"டாக்டர் யாராவது?"

அக்காவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. எடுத்து வைக்க மறந்துபோன பொருள் மாதிரி இருந்தது. "ஏன் மேடம்?"

"நான் நுரையீரல் டாக்டர். வலது பக்கம் மேல ஒண்ணு இருக்கு. என்னன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. ஆனா பதினெட்டு மாசம் பாக்காம விட்டிருக்கக் கூடாது."

கம்பவுண்டர் கலக்குவதை நிறுத்திவிட்டார். பின்னால் யாரோ டோக்கன் நம்பரைக் கேட்டார்கள். எனக்கு அந்த வெளுப்பும், ஏணியும், ஏணியின் கடைசிப் படியில் என் கால் பட்ட குளிர்ச்சியும் ஒன்றாக வந்தன. குவளைகளை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

"அது அவளோடதுன்னு நிச்சயமில்ல" என்றேன்.

டாக்டர் திரும்பினார். "அப்ப யாரோடது?"

"எங்க ரெண்டு பேர்ல ஒருத்தரோடது. பேர் பதிக்கல. இன்னொரு படம் இல்ல."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதிரே நிற்கிற ஆட்களைப் பார்ப்பது போல் இல்லை, நெஞ்சுக்குள்ளே பார்ப்பது போல் இருந்தது. பிறகு சுவரோரமாக நடந்தார். ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் நின்று நின்று போனார். அவருடைய நண்பர்களும் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். ஓரிடத்தில் அதிக நேரம் நின்றார்.

"இது?"

"தெரியாது டாக்டர். பேரை வெட்டிட்டோம்."

"ஏன்?"

"மரியாதைக்கு" என்றேன்.

அவர் திட்டியிருக்கலாம். "இவருக்கு வேற யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நம்பிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். "காலைல எட்டு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. இந்த ஃபிலிமையும் கொண்டு வாங்க."

அக்கா அன்றைக்கு ஆறரை மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டாள். லைன் ரிப்பேர் என்றாள். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன, யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை. கம்பவுண்டர் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனார்.

நான் ஏணியைப் போட்டு ராணியைக் கழற்றினேன். பெட்டி வெறுமையாக எரிந்தது. அதைப் பார்க்கக் கண் கூசியது.

"அது என்னுதுதான். நீ ஏன் குறுக்க வந்த?" என்றாள் அக்கா.

"உன்னுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆயிரம் பேர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"ஆயிரம் பேர்கிட்ட சொன்னா நெஞ்சு மாறிடுமா?"

"நீதான சொல்லுவ, எடுக்கத் தெரிஞ்சவ எடுத்தா நேரா வரும்னு. என்னை எடுத்தது நீ. நேரா வந்தது இதுதான். அப்ப நான்தான்."

"உன் பொண்ணு இன்னும் ஸ்கூல் முடிக்கல" என்றேன்.

"அதனால?"

"அதனால அது என்னுதா இருக்கட்டும்."

சொல்வது சுலபமாக இருந்தது. வாசித்த புத்தகங்களில் இந்த இடத்தில் ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள். சொன்ன பிறகு என் நெஞ்சில் வலது பக்கம் மேலே எதையோ தேடிக்கொண்டிருந்தேன். இருமல் இருந்ததா. போன மழையில் சில நாள் இருந்தது. அக்காவுக்கும் இருந்தது. அவளுக்கு அதிகமாக இருந்ததா என்று யோசித்தேன். அதிகம்தான் என்று முடிவுக்கு வந்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த மூச்சைக் கவனித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா ஃபிலிமை என் கையிலிருந்து வாங்கினாள். தையல்காரர் துணியை வைத்துப் பார்ப்பது போல முதலில் தன் நெஞ்சில் வைத்துப் பிடித்தாள். பிறகு என்மேல் வைத்தாள். ஃபிலிம் சில்லென்று இருந்தது. ஒரு பக்கத் தோளை விரலால் அளந்தாள், மறுபக்கத்தை அளந்தாள்.

"உனக்குச் சரியா இருக்கு" என்றாள்.

"உனக்கும்தான்."

நாங்கள் காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஃபிலிம் நடுவில். எனக்கு மௌனம் பழக்கம். அக்காவுக்குப் பழக்கமில்லை. அவள் பேசாமல் இருந்த அந்த அரைமணி நேரம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

காலையில் எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போய்விட்டோம். அக்காவை முதலில் கூப்பிட்டார்கள். பிறகு என்னை. மெஷினை இயக்கியவர் முப்பது வயதுக்காரர், அவசரக்காரர். பலகையில் மோவாயை வைங்க என்றார், தோளை முன்னால் தள்ளுங்க என்றார். நான் ஏற்கெனவே தள்ளி நின்றிருந்தேன்.

"மூச்சை இழுங்க. பிடிச்சுக்கங்க."

அந்த இரண்டு வார்த்தைகளையும் நான் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். பிடித்துக்கொண்ட மூச்சுக்குள் அவர்களுக்கு என்னவெல்லாம் ஓடியிருக்கும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. எங்கள் மெஷினில் படம் கழுவி வர நேரமாகும். இங்கே அடுத்த கணமே அவருடைய திரையில் வந்துவிட்டது. திரை அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று தெரியும்.

அவர் திரையைப் பார்த்தார். "படம் நல்லா வந்திருக்கும்மா. டாக்டர் சொல்லுவாங்க."

அவருடைய கண் எங்கே போனது, எங்கே போகாமல் தடுத்துக்கொண்டது என்று எனக்குத் தெரிந்தது. அறையை விட்டு வெளியே வரும்போதே எனக்குத் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை.

டாக்டரின் அறையில் பழைய ஃபிலிமைச் சுவரில் மாட்டியிருந்தார். மேஜையில் இருந்த திரையில் இரண்டு புதிய படங்கள் பக்கத்தில் பக்கத்தில். எங்களை உட்காரச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"தங்கச்சிதான்" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். திரையைப் பார்த்திருக்கலாம், டாக்டரைப் பார்த்திருக்கலாம். அக்காவின் முகம் தளர்ந்தது. நெற்றி, வாய், கழுத்து, எல்லாம் ஒரு சுமையை இறக்கி வைத்தன. கண் இமைக்கிற நேரம். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள், நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். அப்போது இருந்த அளவு இது, இப்போது இது, கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, ரொம்ப இல்லை. மெதுவாக வளர்வது நல்ல செய்தி. ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வெட்டி எடுத்துவிடலாம். பழைய ஃபிலிம் இருந்ததால்தான் இவ்வளவு சொல்ல முடிகிறது. நான் தலையாட்டினேன். அக்கா மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

வெளியே படிக்கட்டில் ஆட்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். நாங்கள் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தோம். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல இருந்தது, ஆனால் அவள் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இதில் கொஞ்சம் கொடுமையும் இருந்தது, மறைக்கப் போவதில்லை.

"பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"நான் வேணும்னு பண்ணல."

"தெரியும்."

"பாப்பா ஞாபகம் வந்துச்சுன்னு சொல்லலாம். பொய். யாரும் ஞாபகம் வரல. அப்பாடா நம்ம இல்லன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்." குரல் உடையவில்லை. காய்ந்திருந்தது. "மனுஷியா நான்?"

"நேத்து அது என்னுதா இருக்கட்டும்னு சொன்ன கையோட, உனக்கு இருமல் அதிகமா இருந்துச்சுன்னு கணக்குப் போட்டேன்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"போன மழையில. உனக்கு ஒன்பது நாள், எனக்கு ஆறு. நல்லா நினைச்சுப் பாத்துக் கணக்குப் போட்டேன். அப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏழு நாள்டி" என்றாள். "எனக்கு ஏழு நாள்தான் இருந்துச்சு."

பிறகு எழுந்து, என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஊசிக்கு நாள் கேட்க மறுபடி உள்ளே போனாள். நான் கூடப் போனேன்.